உக்ரைனிய மொழி யாருடைய வட்டார வழக்கு?

உக்ரைனைப் பற்றித் தமிழில் பேச்சு எழுந்தால், பேசுகிறவர் இடதுசாரியோ வலதுசாரியோ, சற்று நேரத்தில் அந்த வாக்கியம் வந்துவிடுகிறது: "அது என்ன பெரிய தனி மொழியா? ரஷ்ய மொழியின் ஒரு வட்டார வழக்குதானே!" சொல்கிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு மொழியும் தெரியாது. ஆனாலும் குரலில் ஐயம் இருக்காது. கொஞ்சம் படித்தவராக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்லாவிய மொழிகள் எல்லாமே ரஷ்ய மொழியின் கிளைகள், ரஷ்ய மொழி தெரிந்தால் மற்றவை தானாகப் புரியும் என்பார். 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் தம் பெயரில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்றது. பல நூற்றாண்டுகள் வெவ்வேறு அரசுகளின் கீழ் வாழ்ந்ததால் பேச்சில் வட்டார வேறுபாடுகள் தோன்றின என்று மொழி விஷயத்தை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்டது. ஏழு மாதம் கழித்துப் படைகள் எல்லை தாண்டின.

இந்தக் கருத்து அடியோடு தவறு என்பது என் கட்சி. உக்ரைனிய மொழி ரஷ்ய மொழியிலிருந்து பிறக்கவில்லை. பிறந்ததாகச் சொல்லும் வழக்கத்தை வளர்த்தவர்கள் மொழியியலாளர்களைவிட அமைச்சர்களும் தணிக்கை அதிகாரிகளும்தான். மொழியியல் உடுப்பை அது பிற்பாடு மாட்டிக்கொண்டது.

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ முப்பது கோடிப் பேர் பேசும் ஸ்லாவிய மொழிகளை மூன்று கிளைகளாகப் பிரிப்பது வழக்கம். கிழக்கில் ரஷ்ய, உக்ரைனிய, பெலாருசிய மொழிகள். மேற்கில் போலிஷ், செக், ஸ்லோவாக். அவற்றோடு ஜெர்மனிக்குள் சிறு தீவாக மிஞ்சிய சோர்பிய மொழி, பால்டிக் கரையில் கஷூபிய மொழி. தெற்கில் பல்கேரிய, மாசிடோனிய, ஸ்லோவேனிய மொழிகளும், ஒரு காலத்தில் செர்போ-குரோஷியம் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டு இன்று நான்கு பெயர்களில் வழங்கும் மொழியும். தெற்குக் கிளை மற்ற இரண்டிலிருந்தும் விலகிப்போனதற்கு, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரியர்கள் கார்பாத்திய சமவெளியில் குடியேறி நடுவில் அமர்ந்ததும் ஒரு காரணம். இந்தக் குடும்பத்தில் தாய் என்று எவருக்காவது பெயர் உண்டென்றால் அது எவரும் எழுதிவைக்காத, ஒப்பீட்டின் மூலம் மட்டுமே மீட்டெடுக்கப்பட்ட ஆதி ஸ்லாவிய மொழிக்குத்தான். ரஷ்ய மொழி அதன் பிள்ளைகளில் ஒன்று. பேசுவோர் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிள்ளை. பெரிய பிள்ளை என்பதால் தாயாகிவிட முடியாது.

குழப்பத்தின் வேர் ஒரு பெயரில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கீவ் நகரை மையமாகக் கொண்டு எழுந்த அரசின் பெயர் ரூஸ். 988-இல் கிறிஸ்தவத்தை ஏற்றது அந்த அரசு. 1240-இல் மங்கோலியர் கீவைச் சூறையாடியபின் அதன் நிலங்கள் பல கைகளுக்குப் போயின: மேற்கும் தெற்கும் லித்துவேனியப் பெருங்கோமகன்களுக்கும் போலந்து அரசர்களுக்கும், வடகிழக்கு மங்கோலியருக்குக் கப்பம் கட்டிய மாஸ்கோ இளவரசர்களுக்கும். மாஸ்கோ என்ற ஊரின் பெயரே நாளாகமத்தில் முதன்முதலாக வருவது 1147-இல்தான். அந்த மாஸ்கோ வளர்ந்து பேரரசானபோது மூதாதையின் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டது. பாட்டனாரின் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டிய பங்காளி ஒருவர், மற்றப் பங்காளிகளைத் தன் பிள்ளைகள் என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ரூஸ் காலத்து மொழியை ரஷ்யப் பாடநூல்கள் பழைய ரஷ்யம் என்று அழைப்பதில் இந்தத் தந்திரம் முழுதாக அடங்கியிருக்கிறது. பெயரைச் சூட்டிய கணத்திலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கீவிலும் மின்ஸ்கிலும் அதையே கிழக்கு ஸ்லாவியம் என்பார்கள், அல்லது தத்தம் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். கார்கிவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜார்ஜ் ஷெவெலோவ் 1979-இல் வெளியிட்ட உக்ரைனிய ஒலியியல் வரலாற்றில், அப்படி ஒரு பொது மொழி என்றுமே இருந்ததில்லை என்ற எல்லைக்கே போனார். அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொது மொழி இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும் அது ரஷ்ய மொழி ஆகிவிடாது.

இதற்கு ஆகச் சிறந்த சாட்சி ரஷ்ய மண்ணிலிருந்தே கிடைத்தது. 1951 ஜூலையில் நோவ்கரோத் நகரில் நடந்த அகழாய்வில் பூர்ச்ச மரப்பட்டையில் கீறி எழுதிய ஒரு கடிதம் சேற்றுக்குள்ளிருந்து வெளிவந்தது. இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டு வரை சாதாரண மனிதர்கள் கடன், வழக்கு, கல்யாணம், குதிரை பற்றி எழுதியவை. கோயில் நூல்களின் மொழி தெற்கு ஸ்லாவியத்தை அடிப்படையாகக் கொண்ட சடங்கு மொழி. அதைப் படித்து அக்கால மக்கள் என்ன பேசினார்கள் என்று சொல்வது கடினம். மரப்பட்டைகளில் இருந்தது பேச்சு. 247 என்ற எண்ணிட்ட கடிதம் ஒரு திருட்டுப் புகாரைப் பற்றியது. அதில் வரும் 'கேலே' என்ற சொல்லை முதலில் படித்த அறிஞர்கள் துறவியின் அறை என்று பொருள்கொண்டு திண்டாடினார்கள். ஆந்த்ரேய் சாலிஸ்னியாக் என்ற மாஸ்கோ மொழியியலாளர் முடிச்சை அவிழ்த்தார். எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் 'த்ஸ' என்று தொடங்க வேண்டிய 'முழுமையான' என்னும் சொல், நோவ்கரோதில் மட்டும் பழைய 'க' ஒலியோடு நின்றிருக்கிறது. பூட்டு உடையாமல் இருக்கிறது, கதவு உடையாமல் இருக்கிறது என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆகவே திருட்டே நடக்கவில்லை.

ஒரு பூட்டைப் பற்றிய வாக்கியம் பெரிய கட்டடம் ஒன்றை ஆட்டிவைத்தது. அந்தக் காலத்தில் கீவ், சுஸ்தால், பிற்கால மாஸ்கோ வட்டாரம் ஆகியவற்றின் பேச்சு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க, இன்றைய ரஷ்யாவின் வடமேற்கில் இருந்த நோவ்கரோத்–ப்ஸ்கோவ் பேச்சுதான் தனித்து நின்றது என்று சாலிஸ்னியாக் காட்டினார். இன்றைய ரஷ்ய மொழி இவ்விரண்டு பேச்சுகளும் பிற்பாடு நெருங்கிக் கலந்து உருவானது என்பது அவர் முடிவு. அடிமரம் என்று நமக்குச் சொல்லப்பட்டது இரண்டு ஓடைகளின் சங்கமமாக மாறிவிட்டது. சங்கமத்திலிருந்து கிளை பிரிந்தது என்று வாதிட வேண்டுமானால், அந்தச் சங்கமம் நடப்பதற்கு முன்பே கிளை எப்படிப் பிரிந்தது என்று விளக்க வேண்டியிருக்கும்.

இலக்கணத்துக்குள் சிறிது தூரம் போவோம்; பொறுமை உள்ள வாசகருக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்லாவிய மொழிகளில் கைக்கு 'ருக்கா' என்று பெயர். 'கையில்' என்று சொல்ல உக்ரைனியர் 'ருத்சி' என்பார், பெலாருசியர் 'ருத்ஸே' என்பார், செக் மக்களும் 'ருத்ஸே', குரோஷியர் 'ருத்சி'. 'க' சில உயிர்களுக்கு முன்னால் 'த்ஸ' ஆவது பழைய ஸ்லாவிய விதி. ரஷ்யரோ 'ருக்யே' என்பார். ஸ்லோவாக், ஸ்லோவேனிய மொழிகளைப் போல ரஷ்ய மொழியும் அந்த மாறுபாட்டைத் தட்டிச் சமப்படுத்திவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் உக்ரைனிய மொழி பழையதைக் காத்திருக்கிறது, ரஷ்ய மொழி புதியது. காணாமல்போன ஒலியைப் பிள்ளை மட்டும் எங்கிருந்து பெற்றிருக்க முடியும்?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எட்டாம் வேற்றுமையான விளி பழக்கமானது. உக்ரைனிய மொழியிலும் அது உயிரோடு இருக்கிறது. 'பிராத்' என்றால் சகோதரன், அவனைக் கூப்பிடும்போது 'பிராத்தே'. 'மாமா' என்றால் அம்மா, கூப்பிடும்போது 'மாமோ'. போலிஷ், செக், செர்பிய, பல்கேரிய மொழிகளிலும் விளி உண்டு. ரஷ்ய மொழியில் அது கடவுளை அழைக்கும் ஓரிரு சொற்களில் மட்டும் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எழுதுவேன்' என்பதை ஒரே வினைச்சொல்லாக, விகுதி சேர்த்துச் சொல்லும் எதிர்கால வடிவம் உக்ரைனிய மொழிக்கு உண்டு. ரஷ்ய மொழிக்கு அது கிடையாது.

எதிர்த்திசையிலும் சான்றுகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. இரவுக்கு ரஷ்ய மொழியில் 'நோச்', உக்ரைனிய மொழியில் 'நிச்'. பூனைக்கு 'கோத்', 'கித்'. காட்டுக்கு 'லேஸ்', 'லிஸ்'. மாற்றம் உக்ரைனிய மொழியில் நடந்திருக்கிறது, ரஷ்ய மொழி பழமையோடு நிற்கிறது. இவளிடம் இருக்கும் பழமை அவளிடம் இல்லை, அவளிடம் இருப்பது இவளிடம் இல்லை. மொழியியலில் இப்படிப்பட்ட உறவுக்கு அக்கா தங்கை என்று பெயர்; தாய் மகள் உறவில் இது நடக்காது.

சரி, ரஷ்ய மொழியிலிருந்து பிறக்கவில்லை என்றால், போலந்து ஆட்சியில் கெட்டுப்போன ரஷ்ய மொழி அது என்று அடுத்த பல்லவி எழும். இது ரஷ்ய தேசியவாதிகளின் பழைய வாதம். 1569-இல் லூப்ளின் ஒப்பந்தத்தின்படி கீவ் நிலங்கள் போலந்து மகுடத்தின் கீழ் போனது உண்மை. போலிஷ் சொற்கள் ஏராளமாகப் புகுந்ததும் உண்மை. நன்றி சொல்லும் 'தியாக்குயு' கூட ஜெர்மனிலிருந்து போலிஷ் வழியாக வந்ததுதான். ஆனால் சொல்லைக் கடன் வாங்குவதும் ஒலி விதியைக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. மேலே சொன்ன பூனையையும் இரவையும் எடுத்துக்கொள்ளுங்கள். போலிஷில் பூனை 'கோத்', இரவு 'நோத்ஸ்'. 'கித்', 'நிச்' என்ற வடிவங்களை உக்ரைனியர் யாரிடமிருந்து வாங்கினார்கள்? மாஸ்கோவிலும் இல்லை, வார்சாவிலும் இல்லை. போலிஷின் மூக்கொலி உயிர்கள் உக்ரைனிய மொழியில் கிடையாது. போலிஷில் அழுத்தம் ஈற்றயல் அசையில்தான் விழும், உக்ரைனிய மொழியில் எந்த அசையிலும் விழலாம். பாலுக்குப் போலிஷில் 'ம்லேக்கோ', உக்ரைனிய மொழியில் 'மொலொகோ'. கடன் வாங்கியது பாத்திரங்கள் மட்டும்தான், வீடு அவர்களுடையது.

கடனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் ரஷ்ய மொழியின் கணக்கையும் திறந்துதான் ஆக வேண்டும். 863-இல் மொராவியாவுக்குப் புறப்பட்ட சிரில், மெத்தோதியஸ் சகோதரர்கள் தெசலோனிக்கி வட்டாரப் பேச்சை வைத்து உருவாக்கிய திருச்சபை ஸ்லாவியம் தெற்குக் கிளையைச் சேர்ந்தது. ரஷ்ய எழுத்து மொழி அதிலிருந்து அள்ளிக்கொண்டதற்கு அளவில்லை. எதிரிக்கு ரஷ்ய மொழியில் 'வ்ராக்', இனிப்பானதற்கு 'ஸ்லாத்கி'. இரண்டும் தெற்கத்திய வடிவங்கள். கிழக்குக் கிளையின் இயல்பான 'வோரொஹ்', 'சொலோட்கி' ஆகியவை இருப்பது உக்ரைனிய மொழியில். வெளியிலிருந்து வந்த சொற்களால் ஒரு மொழி கெட்டுவிடும் என்றால், கிழக்கு ஸ்லாவியத்தில் முதலில் கெட்ட மொழி எது என்று இவர்களே சொல்லட்டும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தத் தெற்கத்தியக் கலப்பால்தான் ரஷ்ய உரைநடைக்கு உயர்ந்த தொனியும் தாழ்ந்த தொனியும் கிடைத்தன.

அந்தத் திருச்சபை ஸ்லாவியக் கல்வி எந்த வழியாக மாஸ்கோவுக்குப் போனது என்பதும் கவனிக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ரஷ்யாவில் பயன்பட்ட திருச்சபை ஸ்லாவிய இலக்கணத்தை 1619-இல் வெளியிட்டவர் மெலெத்தி ஸ்மொத்ரித்ஸ்கி, இன்றைய மேற்கு உக்ரைனின் பொடோலியாப் பகுதிக்காரர். 1648-இல் மாஸ்கோ அதை மறுபதிப்பாக வெளியிட்டது. ரஷ்ய மொழிக்கு இலக்கணம் எழுதிய லொமொனோசொவ் தன் கல்வியின் வாயில்களில் ஒன்றாக அதைச் சொல்லிக்கொண்டார். அதே பதினேழாம் நூற்றாண்டில் கோசாக் தலைவன் போஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கியின் கடிதங்கள் மாஸ்கோ அலுவலகத்துக்கு வந்தபோது, எழுத்தர்கள் அவற்றைப் 'பெலாருசிய எழுத்திலிருந்து பெயர்த்தது' என்று குறித்துப் பதிவு செய்தார்கள். ஒரே மொழி என்றால் பெயர்ப்பானேன்?

"ஆனால் உக்ரைனியர்கள் ரஷ்ய மொழியைச் சிரமமில்லாமல் புரிந்துகொள்கிறார்களே?" புரிந்துகொள்கிறார்கள்தான். பள்ளியில், படையில், திரையரங்கில், தொலைக்காட்சியில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். அது கற்றதால் வந்த புரிதல். சைபீரியாவில் வளர்ந்து உக்ரைனிய மொழியைக் காதால் கேட்டறியாத ஒருவரிடம் கீவ் நாளிதழைக் கொடுத்துப் பாருங்கள், நிலைமை தலைகீழாகிவிடும். பேரரசின் மொழியை எல்லைப்புறத்தார் அறிவதும், எல்லைப்புறத்தின் மொழியைத் தலைநகரத்தார் அறியாததும் எங்கும் உள்ள நடைமுறை. அதை உறவுமுறைக்குச் சான்றாக்குவது, வேலைக்காரருக்கு முதலாளியின் மொழி தெரிந்திருப்பதால் இருவரும் ஒரே குடும்பம் என்பதற்குச் சமம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. உக்ரைனிய மொழியில் 'நெதீல்யா' என்றால் ஞாயிற்றுக்கிழமை. போலிஷ், செக், பல்கேரிய மொழிகளிலும் அதே சொல்லின் வடிவங்களுக்கு அதே பொருள். ரஷ்ய மொழியில் மட்டும் அது வாரம் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமைக்கான ரஷ்யச் சொல் இன்னும் 'ஞாயிறுக்குப் பிந்தியது' என்ற பழைய பொருளையே சுமந்துகொண்டிருக்கிறது.

ரஷ்ய வாசகருக்கு உக்ரைனிய மொழி தானாகப் புரியவில்லை என்பதற்குப் பழைய சாட்சியும் உண்டு. எழுத்தாளர் கோகோல் உக்ரைனின் பொல்தாவா மாகாணத்தில் பிறந்தவர். 1831-இல் தன் முதல் கதைத்தொகுப்பை ரஷ்ய மொழியில் வெளியிட்டபோது, நடுநடுவே வரும் உக்ரைனியச் சொற்களுக்குப் பீட்டர்ஸ்பர்க் வாசகர்களுக்காகச் சொற்பட்டியல் கொடுத்தார். அதற்கு முன்பே, 1798-இல், வெர்ஜிலின் காவியத்தைக் கோசாக் கூத்தாக மாற்றி இவான் கொத்லியாரெவ்ஸ்கி எழுதிய 'எனெயீதா' பீட்டர்ஸ்பர்கில் அச்சானபோதும் பின்னால் ஓர் அகராதி இணைக்கப்பட்டிருந்தது. புதிய உக்ரைனிய இலக்கியம் அந்த நூலிலிருந்து தொடங்குவதாகக் கொள்வார்கள். புதிய ரஷ்ய இலக்கிய மொழியை வார்த்தவர் என்று கொண்டாடப்படும் புஷ்கின் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

இனி மையமான விஷயத்துக்கு வருவோம். உக்ரைனிய மொழி இல்லை என்று முதன்முதலில் அரசு முத்திரையோடு சொன்னது யார்? 1863 ஜூலையில் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் பியோத்தர் வலுயெவ் தணிக்கைத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தனியான 'சின்ன ரஷ்ய' மொழி, அதாவது உக்ரைனிய மொழி, என்று எதுவும் இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்பது அதில் உள்ள புகழ்பெற்ற வாக்கியத்தின் கருத்து. அமைச்சர் சாமர்த்தியசாலி. அந்தக் கூற்றைத் தன் கூற்றாகச் சொல்லாமல், பெரும்பாலான சின்ன ரஷ்யர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்கள் வாயில் போட்டார். அந்த ஆண்டு ஜனவரியில் போலந்தில் எழுச்சி வெடித்திருந்தது. எங்கும் சதி தெரிந்த காலம். சுற்றறிக்கைக்குப் பின்னணியில் இருந்தது ஒரு நற்செய்தி மொழிபெயர்ப்பு. பிலிப் மொராசெவ்ஸ்கி என்ற பள்ளி ஆய்வாளர் நான்கு நற்செய்திகளையும் உக்ரைனிய மொழியில் ஆக்கியிருந்தார். அறிவியல் கழகத்து அறிஞர்கள் அதைப் படித்துப் பாராட்டினார்கள். திருச்சபை மன்றம் மறுத்தது. பிறகு சமய நூல்களும் பள்ளிப் பாடநூல்களும் சாமானியருக்கான நூல்களும் அந்த மொழியில் அச்சாகாமல் நிறுத்தப்பட்டன. கதை, கவிதை மட்டும் தப்பின. அப்போதைய கல்வி அமைச்சர் கொலோவ்னின், ஒரு நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே தவிர எந்த மொழியில் என்று பார்க்கக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

இருக்கவே முடியாத ஒரு மொழியைத் தடுக்க இத்தனை ஏற்பாடு போதவில்லை என்று பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தெரியவந்தது. 1876 மே மாதம் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் நீரூற்றுச் சிகிச்சையில் இருந்த ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். வெளிநாட்டில் அச்சான உக்ரைனிய நூல்களைக் கொண்டுவரத் தடை. நாடகத்துக்குத் தடை. மேடையில் வாசிக்கத் தடை. இசைக்குறிப்போடு பாட்டின் வரிகளை அச்சிடவும் தடை. ரஷ்ய மொழியில் முழு விவிலியம் திருச்சபை ஒப்புதலோடு வெளியான ஆண்டும் 1876-தான். உக்ரைனிய மொழியின் முழு விவிலியம் 1903-இல் வெளிவந்தது, பேரரசுக்கு வெளியே, வியன்னாவில். ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த லெவிவ் பல்கலைக்கழகத்தில் அந்த மொழிக்கு 1848 முதலே பேராசிரியர் பதவி இருந்தது. எல்லைக்கு இந்தப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், அந்தப்பக்கம் இல்லாத பொருள்.

ஒரு வட்டார வழக்கைத் தடைசெய்ய அரசுகள் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. தெற்கு ரஷ்யக் கிராமத்துப் பேச்சுக்கு எதிராகச் சுற்றறிக்கை போனதாக நான் படித்ததில்லை.

1905-இல் பேரரசின் அறிவியல் கழகமே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. குழுவில் கோர்ஷ், ஷாஹ்மதொவ், ஃபொர்துனாதொவ் ஆகியோர் இருந்தார்கள். ரஷ்ய மொழியியலின் தூண்கள், உக்ரைனிய தேசியவாதிகள் என்று யாரும் பழிக்க முடியாதவர்கள். பொது ரஷ்யம் என்று சொல்லப்படும் எழுத்து மொழி உண்மையில் பெருரஷ்யரின், அதாவது இன்றைய ரஷ்யரின், மொழிதான், சின்ன ரஷ்யருக்குத் தம் மொழியில் எழுதவும் அச்சிடவும் உரிமை வேண்டும் என்று அவர்களின் அறிக்கை முடிந்தது. நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று மாஸ்கோவின் தொலைக்காட்சிகளில் உக்கிரமாகப் பேசுகிறவர்கள் தங்கள் நாட்டுக் கல்விமான்கள் முடித்துவைத்த வழக்கை மறுபடி பிரிக்கிறார்கள்.

நம் இடதுசாரி நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நம்பிக்கை பிறக்கும்: அதெல்லாம் ஜார் காலம், சோவியத் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று. பாதி உண்மை. 1923 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் கட்சியே உக்ரைனிய மொழியைப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோனது; அது ஜார் ஆட்சி கனவிலும் செய்யாதது. கல்வி அமைச்சராக இருந்த போல்ஷெவிக் மிக்கோலா ஸ்க்ரிப்னிக் ஏற்பாட்டில் 1928-இல் எழுத்துக்கூட்டு விதிகள் வகுக்கப்பட்டன. 1933-இல் காற்று திசைமாறியது. அந்த விதிகள் தேசியவாதம் என்று குற்றஞ்சாட்டப்பட்டன. ஜூலையில் ஸ்க்ரிப்னிக் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். கடினமான 'க' ஒலிக்கு உக்ரைனிய அரிச்சுவடியில் இருந்த தனி எழுத்து நீக்கப்பட்டது; அது திரும்பி வந்தது 1990-இல். கலைச்சொல் அகராதிகள் ரஷ்ய வடிவங்களுக்கு அருகில் இருக்குமாறு திருத்தப்பட்டன. அதே 1933-இல் பெலாருசிய மொழிக்கும் இதே மருத்துவம் நடந்தது. உக்ரைனியக் கவிஞர் மிக்கோலா செரொவ் 1937 நவம்பரில் சந்தர்மோஹ் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆகையால் இரண்டு மொழிகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன பாருங்கள் என்று யாராவது அகராதியைக் காட்டினால், எந்த ஆண்டுப் பதிப்பு என்று கேட்பது நியாயம்.

படித்த மனிதர்களுக்கு இதற்கெல்லாம் பிறகும் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. மொழி என்பது படையும் கப்பற்படையும் கொண்ட வட்டார வழக்கு என்ற பழைய நகைச்சுவையை எடுத்துவிடுவார்கள். எல்லாம் அரசியல்தான் என்று தோளைக் குலுக்குவார்கள். இத்திஷ் மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக் 1945-இல் பதிவுசெய்த அந்த வாசகம், படையற்ற இத்திஷ் மொழிக்காக வருந்திச் சொல்லப்பட்டது. அதைப் படை வைத்திருப்பவர்களின் கேடயமாக்குவது கொடுமை. 1905-இல் உக்ரைனியரிடம் ஒரு துப்பாக்கிகூட இல்லை. எதிரிலிருந்த பேரரசின் அறிஞர்கள் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். மறுபுறம், அரசு நினைத்தால் மொழியை ஆக்கிவிடலாம் என்பதும் பொய். 1920-இல் செக்கோஸ்லோவாக்கியா ஒரு சட்டமியற்றி 'செக்கோஸ்லோவாக் மொழி' என்ற ஒன்றை அரசு மொழியாக்கியது. அதை எவரும் பேசவில்லை. லுதொவித் ஷ்தூர் 1843-இல் வகுக்கத் தொடங்கிய ஸ்லோவாக் எழுத்து மொழி அந்தச் சட்டத்தைத் தாண்டி வாழ்கிறது. செர்பிய, குரோஷிய எழுத்து மொழிகளுக்கு இடையே உள்ள தூரம் ரஷ்ய, உக்ரைனிய மொழிகளுக்கு இடையே உள்ளதைவிட வெகு குறைவு. சாக்ரெப்காரரும் பெல்கிரேடுகாரரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் சண்டைகூடப் போட முடியும். அவற்றைத் தனி மொழிகள் என்று கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிற அதே வாய், கீவ் என்றதும் வட்டார வழக்கு என்கிறது. அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா?

நமக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பது பெரிய மர்மமில்லை. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் கொண்டுவந்து விற்ற மலிவான, கெட்டி அட்டைப் புத்தகங்களில்தான் தமிழன் அந்த உலகத்தைக் கண்டான். அந்தப் புத்தகங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. ஆனால் அவற்றைப் படித்த நமக்குக் கிர்கிஸ் நாட்டு ஐத்மாத்தவும் ரஷ்ய எழுத்தாளர், பொல்தாவாவில் பிறந்த கோகோலும் ரஷ்ய எழுத்தாளர். ஒரு நாட்டின் பதினைந்து குடியரசுகளையும் 'ரஷ்யா' என்றே சொல்லிப் பழகிய நாக்கு, அந்தக் குடியரசுகளின் மொழிகளையும் அப்படியே சொல்கிறது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உக்ரைனிய மொழி தனி மொழி, ஆகவே உக்ரைன் தனி நாடாக இருக்க உரிமை பெற்றது என்று நான் வாதிடவில்லை. நாட்டின் உரிமை வேற்றுமை உருபுகளில் தொங்கவில்லை. வியன்னாவில் ஜெர்மன் பேசுகிறார்கள் என்பதால் ஆஸ்திரியா பெர்லினுக்குச் சொந்தமாகாது. ரஷ்ய மொழி பேசுவோர் பெருவாரியாக வாழ்ந்த கார்கிவும் மரியுபோலும்தான் 2022-இன் முதல் வாரங்களிலேயே குண்டுவீச்சுக்கு உள்ளாயின.

இந்த வாதத்தை உக்ரைனியருக்கு மட்டும் சலுகையாக நான் வழங்கவும் இல்லை. கார்பாத்திய மலைச்சரிவுகளில் ரூசின் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மக்கள் இருக்கிறார்கள். ஸ்லோவாக்கியாவில் 1995-இல் அவர்களின் மொழிக்கு எழுத்து விதிகள் அறிவிக்கப்பட்டன. பிரெஷொவ் பல்கலைக்கழகத்தில் அதைக் கற்பிக்கிறார்கள். செர்பியாவின் வொய்வொதினாவில் ரூசின் அலுவல் மொழிகளில் ஒன்று. உக்ரைனில் நிலைமை வேறு. 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10,000 பேர் தங்களை ரூசின் என்று சொன்னபோது, அரசு அவர்களை உக்ரைனியரின் உட்பிரிவாகவே எண்ணியது. 2007-இல் கார்பாத்தியப் புற மாகாண மன்றம் ரூசின்களைத் தனித் தேசிய இனமாக ஏற்றது, கீவ் ஏற்கவில்லை. ரூசின் பேச்சு ஒலியில் உக்ரைனிய மொழிக்கு மிக அருகில் இருப்பது மெய்தான், ரஷ்ய மொழிக்கும் உக்ரைனிய மொழிக்கும் இடையே உள்ள தூரம் இங்கே இல்லை. ஆனால் அது கீவ்–பொல்தாவாப் பேச்சை வைத்து எழுந்த உக்ரைனிய எழுத்து மொழியிலிருந்து பிறந்ததும் அல்ல; பக்கத்தில் வளர்ந்தது. அதில் எழுதுகிறவர்களும் அச்சிடுகிறவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் இருக்கும்போது, அது எங்கள் மொழியின் வட்டார வழக்கு என்று கீவின் அறிஞர்கள் சொன்னால், அந்த வாதத்துக்கு வேண்டிய வாக்கியங்களை வலுயெவ் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்.